வேலிக்கு வெளியே ஒரு பிடிச் சோறு

1

நேற்று சென்னப்பனுடைய திவசம். அவன் மகள் லச்சுமி எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தட்டில் போட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்று முடித்துத் தட்டைக் கழுவினாள். கழுவின தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டி, "பாத்துக்கோங்க மாமா, ஒண்ணும் மிச்சமில்ல" என்றாள்.

"அப்பாவுக்கு ஒரு பிடி எடுத்து வெச்சிட்டுத் தின்னும்மா, இன்னைக்கு அவரு நாளு" என்று என் மனைவி முதலிலேயே சொல்லியிருந்தாள். பிள்ளை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. திட்டவா முடியும்? என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் மத்திகிரிக்காரன். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற உத்தியோகம். ஊரிலிருந்து யார் எழுதினாலும் ஒரே கேள்விதான். அங்கே என்ன தின்கிறார்கள், எப்படித் தின்கிறார்கள்? சீனன் குச்சியால் தின்பானாமே, வெள்ளைக்காரன் முள்ளால் குத்தித் தின்பானாமே? கொஞ்சம் விவரமாக எழுதக்கூடாதா? எழுதுகிறேன் ஐயா, எழுதுகிறேன். ஆனால் வேடிக்கையாக இருக்கும் என்று காலை நீட்டிக்கொண்டு படிக்க உட்காராதீர்கள்.

2

நம் பக்கத்தில் களி எப்படித் தின்போம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கேழ்வரகுக் களியைக் கிள்ளி உருட்டி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே முழுங்க வேண்டும். மென்றால் பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பான். இதை ஒருநாள் பெரிய துரையிடம், எங்கள் தோட்டத்து மேனேஜரிடம், வாய்க்கொழுப்பில் சொல்லித் தொலைத்தேன். "மெல்லாமலா? மலைப்பாம்பு மாதிரியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் வீட்டில் குழந்தைக்கு முதல் பாடமே வாயை மூடிக்கொண்டு மென்று தின்பதுதான். சூப்புக் குடித்தாலும் சத்தம் வெளியே வரக்கூடாது. நம் ஆள் ரசத்தை உறிஞ்சுகிற சத்தத்தை வைத்தே புளி தூக்கலா உப்புக் குறைவா என்று உள்ளே இருக்கிற பொம்பளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்!

சீனர்கள் இந்த விஷயத்தில் நம் கட்சி. கிண்ணத்தை உதட்டோடு ஒட்டி வைத்து, இரண்டு குச்சியால் சோற்றை உள்ளே தள்ளுவார்கள். சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் குச்சியைச் சோற்றில் நட்டமாகக் குத்தி வைத்தால் அடிக்க வந்துவிடுவார்கள். மலாய்க்காரர்கள் நம்மைப் போலக் கையால்தான் தின்கிறார்கள். ஆனால் விரல் நுனியோடு சரி. உள்ளங்கை வரைக்கும் சோறு ஏறவிட்டு வழித்து நக்குகிற நம் ஆட்களைப் பார்த்தால் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பெரிய துரை தட்டில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் விடுவார். வழித்துத் தின்பது பசித்தவன் காரியமாம்.

என் மகன் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். கரண்டி இல்லாமல் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறான். "கை அழுக்குப்பா" என்றான் போன மாதம். "இந்த அழுக்குக் கையாலதான்டா உனக்கு ஊட்டினோம்" என்று கத்தினேன். அவன் அடுத்த வாயையும் கரண்டியால்தான் எடுத்தான்.

இதற்காக நம் ஊர்ச் சாப்பாட்டு மரியாதையைப் பற்றி ரொம்பவும் பீற்றிக்கொள்ள வேண்டாம். சென்னப்பன் நாட்றாம்பாளையத்தான். நிலக்காரர் வீட்டில் வேலை செய்தவன். மத்தியானம் களத்து ஓரத்தில் குனிந்து நின்று இரண்டு கையையும் ஏந்தினால், களியை எட்ட நின்று போடுவார்களாம். சூடு பொறுக்காமல் கீழே விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். எங்கள் மத்திகிரி மாட்டுப்பண்ணையில் சர்க்கார் காளைகளுக்குத் தொட்டி கட்டித் தீவனம் வைத்தார்கள். ஊரில் ஒருமுறை அதைப் பார்த்ததை இங்கே நினைத்துக்கொண்டு, "மாடாப் பொறந்திருக்கலாம்ங்க" என்று அவன் என்னிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தான்.

தினமும் நெல்லுச் சோறு தின்னலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெண்டாட்டியோடு கப்பல் ஏறியவன் அவன். இங்கே வந்து ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டினான், தினமும் சோறு தின்றான். ஒருநாளும் அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இது வவுத்துல நிக்கவே மாட்டேங்குதுங்க கிராணி ஐயா, காத்தாட்டம் போயிருது. ஒரு உருண்டை களி கெடைச்சா ஒரு மரம் சேத்தி வெட்டுவேன்" என்பான். கேழ்வரகுக்கு எங்கே போவது?

ஒரு காற்று நாளில், உளுத்துப்போன ரப்பர் மரம் ஒன்று அவன் மேல் சாய்ந்தது. தோட்டத்துச் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில். அங்கேதான் புதைத்தோம்.

3

வேலி அதற்குப் பிறகு வந்தது.

வெள்ளைக்காரனை விரட்டவென்று காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறவர்களைப் பட்டினி போட்டு வெளியே இழுப்பது சர்க்காரின் யோசனை. தோட்டத்துக்காரர்கள் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். கொடுத்தவர்கள் இல்லாமலும் இல்லை. அதனால் கூலிகள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். சுடுகாடு வெளியே நின்றுபோயிற்று. வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக்கூடாது. பொதுச் சமையலறையில் வடித்த சோறுதான் எல்லோருக்கும். வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும் அல்லவா, பதுக்க முடியாது! மூளையைப் பாருங்கள். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, பையையும் மடியையும் தடவிப் பார்ப்பார்கள். குடிக்கத் தண்ணீர் போகலாம். ஒரு கவளம் சோறு போகக்கூடாது.

தகரத் தட்டை ஏந்திக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. ஊரில் எட்ட நின்று களி போட்ட குடும்பத்தார் சிலர் இங்கே அதே வரிசையில் சென்னப்பன் பெண்டாட்டிக்குப் பின்னால் நின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வந்தது உண்மைதான். அது ரொம்ப நாள் நிற்கவில்லை.

4

சென்னப்பன் பெண்டாட்டி பேர் மாதம்மா. வாய் பேசாத பொம்பளை. சென்ற வருஷம் அவனுடைய முதல் திவசம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"காக்காய்க்கு எங்கீங்க வெக்கறது, கிராணி ஐயா?"

இதைக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் ஊரில் சோற்றைக் கையில் எடுத்தாலே கூரை மேல் காக்கை வந்து உட்கார்ந்துவிடும். இந்தத் தோட்டத்தில் காக்கை கிடையாது. மைனா உண்டு, வாலாட்டிக்கொண்டு என்னென்னவோ குருவி உண்டு. வீட்டைச் சுற்றிக் கத்துகிற நம் காக்கையை இந்தப் பக்கம் ஒருவரும் பார்த்ததில்லை. காட்டோரத்தில், சுடுகாட்டுக்கு மேலே இருக்கிற மரங்களில், பெரிய அண்டங்காக்கைகள் உண்டு. அவை லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காது.

"உன் கூரை மேலேயே வையேம்மா. மைனா வந்து தின்னட்டும். அதுவும் பறவைதானே?" என்றேன்.

"மைனாவுக்கு அவர என்னங்க தெரியும்?" என்றாள்.

"வேலிக்கு வெளியே சோறு போகக்கூடாது, தெரியுமில்ல? பிடிச்சா உள்ள போட்டுருவாங்க" என்று அதட்டி அனுப்பினேன்.

"காக்கா எடுக்காம நான் எப்பிடிங்க வாயில சோறு வெப்பேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை அவள் ஒரு பிடிச் சோற்றை இலையில் மடித்து, பால் வாளி தூக்கும்போது தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். லச்சுமியும் கூடப் போனாள். வெட்டு முடிந்து, ஓடையைத் தாண்டி, சென்னப்பன் குழி மேட்டில் இலையை விரித்து வைத்துக் கூப்பிட்டாள். காக்கை வந்தது. முழுவதும் தின்றது. அவள் தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது, மரங்களுக்கு நடுவிலிருந்து போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான். காட்டோரத்தில் ஒரு பொம்பளை, ஒரு பிள்ளை, பருக்கை ஒட்டின காலி இலை.

5

விசாரணை பெரிய துரையின் பங்களா வராந்தாவில் நடந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த போலீஸ் துரை ஒருவர், சின்ன வயது, பெரிய துரையோடு காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். முட்டை, ரொட்டி, வெண்ணெய். மடியில் வெள்ளைத் துணி. வாயில் போட்டதை மென்று முழுங்கி, உதட்டை ஒற்றிக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வி கேட்பார். வாயில் சோறு இருக்கும்போது பேசக்கூடாது என்பது அவர்கள் ஒழுக்கம். அதுவரைக்கும் மாதம்மாவும் பிள்ளையும் படிக்கட்டுக்குக் கீழே வெயிலில் நிற்கவேண்டியது.

"சோறு யாருக்குக் கொண்டுபோனாய்?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க."

"அவன் எங்கே இருக்கிறான்?"

"அங்கதாங்க, ஓடைக்கு அந்தாண்ட."

நான் சொன்னேன். சொல்லிவிட்டு, "அவள் புருஷன் செத்துப்போய் ஒரு வருஷமாகிறது. துரைக்கே தெரியும். எங்களில் செத்தவர்களுக்குச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுவது வழக்கம்" என்று சேர்த்தேன். பெரிய துரையும் தலையாட்டினார்.

போலீஸ் துரை கத்தியைக் கீழே வைத்தார். "செத்தவன் தின்னமாட்டான் மிஸ்டர் கிளார்க். இலை காலியாக இருந்தது. அவள் சொல்வதை மட்டும் சொல்லும். வியாக்கியானம் வேண்டாம்." பிறகு பிள்ளையைக் கைகாட்டினார். "அதைக் கேளும். சோற்றை யார் தின்றது?"

நான் கேட்டேன். லச்சுமி அம்மாவைப் பார்த்தாள். பயப்படவே இல்லை. நம் வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தானே அது சொல்லும்?

"அப்பா வந்து தின்னுட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"காக்காய்தானேம்மா தின்னுச்சு? நல்லாச் சொல்லு" என்றேன்.

"ஆமா. அப்பாதான்" என்றாள்.

அங்கே நின்ற மலாய் சார்ஜண்டுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் பிள்ளை சொன்னதைச் சொல்லிவிட்டான். நான் கத்தினேன். காக்கை என்றேன், அமாவாசை என்றேன், எங்கள் அப்பாவுக்கு நானும் வைக்கிறேன் என்றேன். போலீஸ் துரை காப்பியைக் குடித்து முடித்தார். தட்டில் பாதி முட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

6

பெரிய துரை சொன்னதன் பேரில் ஒரு சலுகை கிடைத்தது. காக்கை தின்கிறதா இல்லையா, நேரில் காட்டட்டும்.

மறுநாள் பொதுச் சமையலறையில் போய்ச் சோறு கேட்டேன். அங்கே கிழட்டுச் சீனச் சமையல்காரர் ஒருவர். என்ன சங்கதி என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டு, மேலே குவித்து அழுத்தி, இலையை இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்துத் தலைகுனிந்தார். அவர்களும் செத்தவர்களுக்குக் கிண்ணத்தில் சோறு வைத்து, குச்சியை நட்டமாகக் குத்தி வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் அப்படிக் குத்தினால் அடிக்க வருவது அதனால்தான். இந்தத் தோட்டத்தில் நம் ஆட்களுக்கு வெளியே மாதம்மாவைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அவர் எப்படிச் சாட்சி சொல்வார்? காட்டில் ஒளிந்திருப்பவர்களில் முக்கால்வாசி சீனர்கள்; இவர் வாயைத் திறந்தால் அவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவார்கள்.

மாதம்மா இலையைக் குழி மேட்டில் வைத்தாள். "கா... கா..." என்று கூப்பிட்டாள். சுற்றி நாலு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள்.

தூரத்தில் ஒன்று கத்தியது. பிறகு அது வந்து உச்சிக் கிளையில் உட்கார்ந்தது. எனக்கு உயிர் வந்தது. போலீஸ்காரன் ஒருவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். பறந்துபோயிற்று.

"இவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் துரை, கையெடுத்துக் கும்பிடுகிறேன்" என்றேன்.

"தள்ளி நின்றால் வேறு யார் வருவார்கள்?" என்றார் போலீஸ் துரை.

நம் வழக்கத்தில் காக்கை எடுக்காவிட்டால் என்ன செய்வோம்? செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்று எண்ணி, அதைத் தீர்த்துவைப்பதாக வாக்குக் கொடுப்போம். மாதம்மா முட்டி போட்டு, மண்ணைத் தொட்டு, வாக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். "புள்ளைய நல்லபடியாப் பாத்துக்கறேன், சாப்புடு... ஊருக்குக் கூட்டிகிட்டுப் போயிடறேன், சாப்புடு... உங்கம்மாளுக்குப் பணம் அனுப்பறேன், சாப்புடு சாமி..." இதை மொழிபெயர்க்கச் சொன்னார் போலீஸ் துரை. நான் முடியாது என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சிப்பாய் பூட்ஸ் காலால் சோற்றை மண்ணோடு மண்ணாகத் தேய்த்தான். யாரும் பின்னால் வந்து எடுத்துவிடக்கூடாதாம்.

திரும்பி வரும்போது மாதம்மா ஜெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவருக்குக் கோவங்க. போலீச கூட்டிகிட்டுப் போனேனில்ல, அதான் எறங்கல" என்றாள். மூன்று வருஷம் போட்டார்கள்.

7

பிள்ளையை நாங்கள் வைத்துக்கொண்டோம். வந்த முதல் நாள், "நான் சொன்னதுனாலதான் அம்மாவப் புடிச்சாங்களா மாமா?" என்று கேட்டாள். "இல்லடா கண்ணு" என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து இப்படித்தான். தட்டில் பருக்கை விடமாட்டாள். நாய்க்குக்கூட ஒரு வாய் போடமாட்டாள். என் மகன் தட்டில் எதையாவது ஒதுக்கினால் அதையும் எடுத்துத் தின்றுவிடுவாள். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், சரளமாக மலாய் பேசுகிறாள். தமிழ் குறைந்துகொண்டே வருகிறது.

இந்த வருஷத் திவசத்துக்கு நான் முறைப்படி அனுமதி கேட்டு மனுப் போட்டேன். ஒரு பிடிச் சோறு, போலீஸ் காவலோடு, சுடுகாட்டுக்கு. பதில் வந்தது. உயிரோடு இருப்பவருக்கு உணவுப் பங்கீடு உண்டு, ஆடு மாடு கோழிக்குத் தீவன அனுமதி உண்டு, இறந்தவருக்கு வழங்க விதிகளில் இடமில்லை. கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. சரிதான் போ என்று நேற்று நானே ஒரு பிடியை எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் வைத்தேன். மைனாக்கள் வந்து சண்டை போட்டுக்கொண்டு தின்றன.

இன்று காலை லச்சுமியைக் கூட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாதம்மா. முகம் சுருங்கிக் கையளவு ஆகிவிட்டது. பக்கத்தில் மலாய்க்காரப் பெண் காவலாளி. மாதம்மா நலம் விசாரிக்கவில்லை. வலையில் விரலைக் கோத்துக்கொண்டு கேட்டாள்.

"நேத்து அவருக்கு வெச்சீங்களா? காக்கா எடுத்துச்சா?"

எடுத்துச்சும்மா என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தேன். லச்சுமி முந்திக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. காவலாளியைப் பார்த்து, மலாயில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். பிறகு அதையே தமிழிலும் சொன்னாள்.

"நாங்க யாருக்கும் சோறு குடுக்கல. அப்பாவுக்கும் குடுக்கல. அப்பா வரவே இல்ல."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவை இப்போது விட்டுவிடுவார்கள் என்று அவளுக்கு எண்ணம்.

மாதம்மாவின் விரல் வலையிலிருந்து நழுவியது.

"நீ சாப்ட்டயா கண்ணு?"

"பூராச் சாப்ட்டேன்மா. ஒரு பருக்கை மிச்சம் வெக்கல."

"நல்ல புள்ள" என்றாள் மாதம்மா.

நாட்றாம்பாளையத்துப் பக்கம் யாராவது இதைப் படித்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள். வருகிற அமாவாசை அன்று உங்கள் கூரை மேல் சென்னப்பன் பேரைச் சொல்லி ஒரு பிடி வையுங்கள். சோறு வேண்டாம், அது அவனுக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. களியாக வையுங்கள்.